எஸ்தர் டீச்சர் தேர்ந்தெடுத்த மருந்து

புரட்டாசிச் சனிக்கிழமை. திருநீர்மலைப் படிகளில் பாதி ஏறியிருந்தேன். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும் நின்றாள். எஸ்தர் டீச்சரிடம் படித்தவள். "மாமி, உங்களுக்குத் தெரியாதா? காலையில டீச்சர் தவறிட்டாங்க. கோவிலம்பாக்கத்துல, தம்பி வீட்டுல" என்றாள். கையில் துளசியோடு அப்படியே நின்றேன். ஏறுவதா இறங்குவதா என்று தெரியவில்லை. பிறகு ஏறினேன். பெருமாளிடம் அன்று எதையும் கேட்கவில்லை. இப்படி ஒருவரை எனக்கு எதிர்வீட்டில் குடிவைத்ததற்கு நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் பள்ளி மைதானத்தில் அந்த விளையாட்டு டீச்சரின் விசிலுக்கு ஓடியவர்கள். சிலர் சர்ச்சில் அவருடன் சேர்ந்து பாடியவர்கள். அவர் ரிவால்வர் சுட்ட கதையும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். வந்ததில் பாதி தப்பு. கூடவே இருந்தவள் நான், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சிட்லபாக்கத்தில் நாங்கள் எதிரெதிர் வீடு. டீச்சரின் அப்பா காட்டிலாகாவில் ரேஞ்சராக இருந்தவர். அவர் காலமானபோது வீட்டில் மிஞ்சியது ஒரு பைபிளும், நீளத் தோட்டா போடும் ஒரு மேக்னம் ரிவால்வரும். பைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். ரிவால்வருக்கு வேண்டும். அதிகாரி இவரை மேலும் கீழும் பார்த்து, "கல்யாணம் ஆகாத பொம்பளைக்கு இவ்வளவு பெரிய துப்பாக்கி எதுக்கும்மா?" என்று கேட்டிருக்கிறார். "ஆகாததாலதான் சார், தூக்க நேரம் இருக்கு" என்று டீச்சர் சொன்னாராம். அதிகாரி சிரிக்கவில்லை. ஆறு மாதத் தவணை கொடுத்தார். அதற்குள் இவர் போட்டியில் சுடுகிறவர் என்று ரைஃபிள் கிளப் சான்றிதழ் தரவேண்டும். இல்லாவிட்டால் அப்பாவின் ரிவால்வரை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதுவும் போனால், அப்பா தொட்டுப் புழங்கிய பொருள் அந்தப் பைபிளைத் தவிர வேறு எதுவும் அவரிடம் இருக்காது.

ஒரு சாயங்காலம் டீச்சர் வாசலில் நின்று, "மாமி, எந்த மருந்துன்னே முடிவு பண்ண முடியல, தலை சுத்துது" என்றார். நான் உள்ளே போய் சுக்குக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்து நீட்டினேன். மறு பேச்சில்லாமல் குடித்து முடித்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா நான் கேட்டது துப்பாக்கி மருந்து" என்றார். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில்தான் நான் அந்த விவகாரத்துக்குள் போய்ச் சேர்ந்தேன்.

அந்த ரகத் தோட்டா அப்போது கடைகளில் கிடைக்காது. வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோயிருந்தது. சுட்டு முடித்த பித்தளைக் குப்பிகளை எடுத்து, அடியில் பொறி கிளப்பும் புதுக் கேப்பு பொருத்தி, மருந்து போட்டு, ஈயக் குண்டை அழுத்தி மறுபடி தோட்டாவாக்க வேண்டும். அதற்கான அனுமதி கிளப்புக்கு இருந்தது. தாம்பரத்துக்கு மேற்கே அவர்களுடைய கொட்டகையில்தான் செய்யலாம், வீட்டில் ஒரு துளி மருந்து வைக்கக்கூடாது. துல்லியமாக எடை போட்டு, போட்டதை எழுதி வைக்க ஒரு ஆள் தேவை. "வண்ணான் கணக்கைக்கூடத் தேதி போட்டு எழுதறீங்க. நீங்க வாங்க" என்று டீச்சர் என்னையும் உறுப்பினராகச் சேரவைத்தார். எனக்காகப் படிவத்தை நிரப்பிக்கொண்டே வீட்டுக்காரர், "தீபாவளிக்குச் சீனிச்சரத்தைக்கூடத் தள்ளி நின்னு பார்க்கிறவ நீ" என்றார். ஆனாலும் போகவேண்டாம் என்று சொல்லவில்லை.

கொட்டகையில் இரண்டு டப்பா மருந்து இருந்தது. ஒன்று சட்டென்று எரிவது, மற்றது நின்று எரிவது. கிளப் செக்ரட்டரி ஓய்வுபெற்ற மேஜர். அவருக்குச் சட்டென்று எரிவதுதான் பிடிக்கும். குப்பிக்குத் துளி போதும், ஒரு டப்பா வருஷக்கணக்கில் வரும். ஒரு பித்தளைக் கரண்டியை என் கையில் கொடுத்து, "எதுவா இருந்தாலும் இதுல ஒண்ணு. அவ்வளவுதான்" என்றார்.

"ஒரு படி உளுந்தும் ஒரு படி அவலும் ஒரே எடையா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. மறுநாள் தட்டாரிடமிருந்து பொன் நிறுக்கும் தராசு ஒன்று வந்து சேர்ந்தது.

ஆரம்பிக்கும் முன் நான் ரங்கநாதனை நினைத்துக்கொள்வேன், டீச்சர் கண்ணை மூடி ஜெபம் செய்வார். மேஜர் ஒருநாள், "என்னம்மா, ரெண்டு சாமியும் சேர்ந்து எடை போடறாங்களா?" என்றார். "ஆமா சார். உங்க கரண்டியை ரெண்டு பேருமே நம்பல" என்றார் டீச்சர்.

இருந்தாலும் மேஜர் சொன்ன மருந்திலேயே தொடங்கினோம். மூன்றாவது வாரம் அது நடந்தது. ஐம்பது குப்பிகள் பலகையில் வரிசையாக நின்றன. பாதி போட்டிருப்பேன், பீரோ சாவி எங்கே என்று மேஜர் கூப்பிட்டார். போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். எந்தக் குப்பியில் நிறுத்தினேன் என்பது மறந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். குப்பிகள் ஆழமானவை. மருந்தோ அடியில் கொஞ்சமாகக் கிடந்தது. ஒரு பங்கா, இரண்டு பங்கா என்று பார்வைக்குத் தெரியவில்லை.

"எல்லாத்தையும் கொட்டுங்க மாமி" என்றார் டீச்சர். ஒவ்வொன்றாகக் கொட்டி நிறுத்தோம். ஒன்றில் இரட்டைப் பங்கு இருந்தது. அதை வைத்துச் சுட்டிருந்தால் ரிவால்வர் வெடித்திருக்கும். பிடித்த கை என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத எனக்கு இப்போதும் மனம் வரவில்லை.

"டார்ச் அடிச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார் மேஜர்.

"ஒரு தடவை அடிக்க மறந்துட்டா?" என்றார் டீச்சர்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அழுதுவிட்டேன். இனிமேல் வரமாட்டேன், தப்பே செய்யாத ஆளாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். டீச்சர் நின்றார். "தப்பே பண்ணாத ஆளைத் தேடித்தான் நான் கல்யாணமே பண்ணிக்கல. அந்தத் தேடல் போதும். இனிமே தப்பு பண்ணா தெரியற மருந்தைத் தேடுவோம்" என்றார்.

அன்று நான், தோட்டா நிரப்புவதைப் பற்றிக் கிளப்பில் இருந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதியோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் படிக்க இரண்டு நாள் ஆயிற்று. மேக்னம் போன்ற நீளக் குப்பிக்கு நின்று எரியும் மருந்தே பொருத்தம் என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது. அடுத்த வாரம் இரண்டாவது டப்பாவைத் திறந்தோம். புத்தகம் சொன்ன எடையை ஒரு குப்பியில் போட்டேன், முக்கால்வாசிக்கு மேல் நிறைந்தது. அதே குப்பியில் இன்னொரு பங்கு போடச் சொன்னார் டீச்சர். போட்டேன். வழிந்து காகிதம் முழுக்கச் சிதறியது. டீச்சர் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதியே விட்டார். "இதுதான் நம்ம மருந்து மாமி! தப்பு பண்ணா அதுவே வாயைத் திறந்து சொல்லிடுது."

"மெதுவா எரிஞ்சா பலம் எங்கேர்ந்து வரும்?" என்றார் மேஜர்.

"சுள்ளி குபீர்னு எரியும், விறகு நின்னு எரியும். பானைச் சோறு எதுல சார் வேகும்?" என்று கேட்டார் டீச்சர். குண்டு குழாயை விட்டு வெளியேறும்வரை இந்த மருந்து பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். குப்பி கிட்டத்தட்ட நிறைந்திருப்பதால் உள்ளே ஆடுவதும் குறைவு. ஒவ்வொரு குண்டும் இலக்கு அட்டையில் எங்கே பட்டது என்று நோட்டில் குறித்து வந்தேன். பழைய மருந்தின் பக்கங்களில் புள்ளிகள் கோலமாவைத் தட்டிவிட்டதுபோல் சிதறிக் கிடந்தன. புது மருந்தின் பக்கங்களில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கின. நோட்டைப் பார்த்த மேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

சான்றிதழுக்கான போட்டி நாள் வந்தது. மைதானம் முழுக்க ஆண்கள். புடவையில் நாங்கள் இருவர் மட்டும். நிரப்பித் தரவேண்டிய அட்டையில் 'தோட்டா தயாரித்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. மேஜர் குரலைத் தாழ்த்தி, "உங்க பேரையே போட்டுக்குங்க டீச்சர். ஏதாவது ஆச்சுன்னா மாமிக்கு வம்பு" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். "உங்க பேரைப் போடட்டுமா?"

அத்தனை குப்பிக்கும் மருந்தை எடை போட்டவள் நான். ஒன்றும் வழியவில்லை. "போடுங்க" என்றேன்.

"மாமின்னா எழுத முடியும்? பேரைச் சொல்லுங்க." ஆறு வருஷமாக எதிர்வீடு. அன்றுதான் கேட்டார். சொன்னேன். எழுதினார்.

முறை வந்ததும் டீச்சர் ரிவால்வரோடு வலது கையை நீட்டினார். சுடாமல் மெல்ல இறக்கினார். பின்வரிசையில் யாரோ, "பயந்துட்டாங்கப்பா" என்றார். டீச்சர் என்னிடம் அடிக்கடி சொல்வதுண்டு: "மனசு நிக்கலைன்னா கையை இறக்கிடணும். இறக்கறது தோல்வி இல்ல, நிக்காம சுடறதுதான் தோல்வி." மறுபடி கை உயர்ந்தது. முதல் வெடி. உதையில் கை மேலே போய், அதே இடத்துக்குத் திரும்பி வந்து நின்றது. இரண்டு, மூன்று என்று ஆறும் போயின. அப்படி ஐந்து சுற்று. என் வாயில் ரங்கநாதன் பேர் ஓய்ந்தால்தானே!

தகுதி மதிப்பெண்ணைத் தாண்டினார். அன்று சுட்ட எல்லோரையும், மேஜரையும் சேர்த்துத் தாண்டினார். மேஜர் நொடியும் யோசிக்காமல் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். பிறகு என் நோட்டைக் கேட்டார். "தரமாட்டாங்க சார், இங்கேயே உட்கார்ந்து பார்த்து எழுதிக்குங்க" என்றார் டீச்சர். மேஜர் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் ரிவால்வர் சட்டப்படி டீச்சர் பேருக்கு வந்தது. எழுபதுகள் முழுக்க அவர் அதை வைத்துச் சுட்டார். ஒவ்வொரு தோட்டாவுக்கும் மருந்து போட்டது நான். ஒன்றுகூடப் பிசகவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பதைச் சொல்லிவிடுகிறேன். போட்டியன்று முடிவை மைக்கில் படித்தார்கள். "சுட்டவர், எஸ்தர். தோட்டா தயாரித்தவர், ரங்கநாயகி." கல்யாணத்துக்குப் பிறகு என் பேரை யாரும் அத்தனை உரக்கச் சொல்லிக் கேட்டதில்லை. கைதட்டல் எழுந்தபோது யாருக்கோ என்று நானும் திரும்பிப் பார்த்தேன். "உங்களுக்குத்தான் ரங்கநாயகி" என்று டீச்சர் என் கையைப் பிடித்து மேலே தூக்கினார். அந்தக் கையில் வெடிமருந்து வாசனை அடித்தது. அன்று முதல் கடைசிவரை அவர் என்னை மாமி என்று கூப்பிடவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டவர் போய்விட்டார். அவர் எடுத்துக் கொடுத்த பேர் என்னிடம் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் கீழே அதைத்தான் போடச் சொல்லியிருக்கிறேன்.

ரங்கநாயகி