இரண்டு ஏகாம்பரம், ஒரு சால்வை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் செஞ்சி வாசகசாலை ஆண்டு விழா. ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்கியவன்கூட அப்படி வியர்த்திருக்க மாட்டான் — எங்கள் தலைவர் வியர்த்தார். ஏன்? கேளுங்கள்.

தலைவர் நெல் மண்டிக்காரர். யாரைப் பிடித்தாலும் இலக்கியம்தான் பேசுவார். பட்டணத்து நாவலாசிரியர் ஏகாம்பரத்தை அழைக்கச் சொன்னவரும் அவரே. விலாசம்? கமிட்டியில் ஒருவருக்கும் தெரியாது. அலமாரியில் ஏகாம்பரம் என்று போட்டிருந்த ஒரு புத்தகத்தை உருவி, அதை அச்சிட்ட பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டார்கள். அது குழந்தைகள் புத்தகம்! நாட்டில் எழுதுகிற ஏகாம்பரம் ஒருவர்தான் என்று நினைப்பு.

வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டாம். ஒருவர் நாவல் எழுதுவார், இன்னொருவர் பிள்ளைகளுக்குக் கதை எழுதுவார் — பெயர் ஒன்றே. அதற்காக யாரும் அவமானப்பட்டதாகக் கேள்வியில்லை. இங்கே?

சென்னை பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். தொண்டூர் பக்கத்து பஸ்ஸிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இறங்கினார். தோளில் துணிப்பை, கையில் பதிப்பகம் அனுப்பிவைத்த எங்கள் கடிதம், கூடவே மனைவி.

"இவர எங்கியும் கூப்ட்டதே இல்லீங்க. மரியாத பண்றத பாக்கலாம்னு நானும் வந்துட்டேன்" என்றார் அந்த அம்மாள் என்னிடம்.

வாசகசாலைக்குள் நுழைந்ததும் தலைவர் ஓடிவந்து அவருக்குச் சால்வையைப் போர்த்தினார். "உங்க நாவல் ஒண்ணு பாக்கியில்லாம படிச்சிருக்கேன் சார்!"

"நான் நாவலே எழுதுனதில்லீங்களே... கொழந்தைங்க கதைதான்."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். "இன்னாய்யா இது? பூனை, குருவின்னு எழுதறவர இட்டாந்துக்கிற?" பிறகு வாத்தியாரிடம், "கொஞ்சம் கழட்டிக் குடுங்க. தாசில்தார் வராரு, மேடைக்கு வேணும்."

கழற்றிக் கொடுத்தார். அவர் மனைவி தரையைப் பார்த்தார். நாவலில் கையெழுத்து வாங்க வந்த நான், அதைக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு நின்றேன். பெரிய வீரன்!

அப்போதுதான் தலைவரின் சம்சாரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் குழம்புக் கறை படிந்த ஒரு புத்தகம்.

"இந்தப் பூனைக் கதை எழுதுன ஏகாம்பரம் நீங்கதானா? எங்கூட்டுக்காரரு இத்தப் படிச்சாத்தான் பாப்பா சோறு துண்ணுது. பூனையாட்டம் கத்திக்கூட காட்டுவாரு!"

பின்வரிசையில் ஒரு குரல்: "தலைவரே, ஒரு தபா கத்துங்க!"

கூரை அதிரச் சிரிப்பு. வாத்தியார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தலைவர் சால்வையை மறுபடி தூக்கிக்கொண்டு வந்தார் — வழிய வழிய வியர்வையோடு.

"வேணாங்க" என்றார் வாத்தியார் மனைவி. "தாசில்தாருக்கே போடுங்க. எங்களுக்குப் புழுங்குது."

தலைவர் வீட்டில் நாவல் ஒன்றுகூட இல்லை, விசாரித்துவிட்டேன். கடைசிப் பக்கம்வரை அவர் படித்த ஒரே புத்தகம் அந்தப் பூனைக் கதை.

அட்டையில் இருந்த பெயரைத்தான் பார்க்கவில்லை!