நான்கு அறை வீடு

சிங்கப்பூரில் கல்யாணப் பேச்சே அரசாங்க வீட்டுக்கான கூட்டு விண்ணப்பத்தில்தான் தொடங்கும். என் காதலனும், "சேர்ந்து வீட்டுக்கு அப்ளை பண்ணுவோமா?" என்றுதான் கேட்டான். சிராங்கூன் சாலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கைப்பேசியில் சுவா சூ காங் பேட்டையின் வரைபடத்தைக் காட்டினான்.

"நாலு ரூம். ப்ரைமரி ஸ்கூல் ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கு லா. பிள்ளைக்கு ஈஸியா இடம் கிடைக்கும்."

பிள்ளை என்றதும் தோசைத் தட்டைத் தள்ளிவைத்தேன். மாதாமாதம் என்னைச் சுருட்டிப்போடும் வலிக்கு டாக்டர் எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் சொல்லி இரண்டு வாரமாகியிருந்தது. பிள்ளை உண்டாவது சிரமமாகலாம் என்றும் சொல்லியிருந்தார். தோழியிடம் ரயிலில் நின்றபடியே ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். இவனிடம் மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

இதற்கு மேல் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் விரலால் திரையை நகர்த்தி வேறு வீடுகளைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "அப்போ மூணு ரூம் போதுமா?" என்றான். ஆறுதலாகத்தான் கேட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாலு ரூமே போடு. வலி வர்ற அன்னைக்குக் கதவைச் சாத்திட்டுப் படுக்க எனக்கு ஒரு ரூம் வேணும்."