ஏணி போட்ட நாடு

இலங்கை மலையகத்தில், ராகலைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் நாகலெட்சுமி. வயது நாற்பத்தெட்டு. பதினோரு வருடமாக மாதர் சங்கத் தலைவி. தோட்டத்தை நடத்தும் துரையின் ஆபீசில் யாருக்காவது விசாரணை என்றால் பக்கத்தில் போய் நிற்பவள் அவள்தான். "வாசிக்காமக் கையெழுத்துப் போடாதீங்க" என்று காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் தொண்டை வறளக் கத்துகிறவளும் அவள்தான். அப்பேர்ப்பட்டவள் சொந்த மகன் விசயத்தில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மகன் சுமனுக்கு இருபத்தாறு வயது. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புப் பார்த்தவன். நெருப்போடு பழகிய ஆள் என்பதால் வளைகுடா நாடொன்றின் விமானப்படைத் தளத்தில், லாண்டரியில் பொய்லர் பார்க்கும் வேலை கிடைத்தது. அந்தத் தளத்தில் ஒரு பெரிய நாட்டின் விமானங்கள் நின்றன. அங்கிருந்துதான் அவை பக்கத்து நாட்டுக்குப் போய்க் குண்டு போட்டுவிட்டு வந்தன. யுத்தம் தொடங்கிய பதினேழாம் நாள் பக்கத்து நாடு திருப்பி அடித்தது. லாண்டரி இடிந்து விழுந்து சுமன் செத்துப்போனான்.

சவப்பெட்டி கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்த அன்று, சுமனை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் ஜீவராஜ் ஒரு கட்டுத் தாளை நீட்டி விரலை வைத்துக் காட்டினான். சம்பளத்துக்குத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டே முப்பது வருடம் பழகியவள். பெட்டியை வாங்கிக்கொண்டதற்குத்தான் என்று நினைத்துப் போட்டாள். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு நுவரெலியாவில் வக்கீல் சுலக்ஷனா வாசித்துச் சொன்னபோதுதான் சங்கதி தெரிந்தது. பொய்லரைக் கவனிக்காமல் விட்டதால் அது வெடித்ததாம். கவனிக்காமல் விட்டது சுமனாம்.

"இது என்னங்க மிஸ் அநியாயம்? வெடிச்சது மிசைல்னு ஊருக்கே தெரியும்" என்றாள்.

"அந்த நாடு இந்த யுத்தத்துல தனக்குச் சம்பந்தமே இல்லைங்குது அக்கா. அப்ப அவங்க எடத்துல மிசைல் விழுந்துச்சுன்னு எழுத முடியுமா? கட்டடமும் தானா இடியாது. யாரோ ஒருத்தர் தப்புப் பண்ணியிருக்கணும். செத்தவர் தலையில போட்டா அவர் எந்திரிச்சு வந்து கேக்கப் போறாரா?"

நாகலெட்சுமிக்கு அழுகை வரவில்லை. சுமனோடு வேலை செய்த பட்டிப்பொலை ஊர்க்காரன் ஒருவன் இன்னும் அங்கேதான் இருந்தான். அவன் வேலைக்கு ஆபத்து என்பதால் அவனுடைய பெயரை அவள் யாரிடமும் சொல்வதில்லை. அன்று மாலை அவனைப் போனில் பிடித்தாள்.

"சைரன் அடிச்சதும் நாங்க எல்லாம் ஓடிட்டோம்மா. பொய்லரை இப்படியே விட்டுட்டுப் போனா இங்க உள்ள அத்தனை பேரும் செத்துருவோம்னு சொல்லிட்டு சுமன் அண்ணன் திரும்பி உள்ள போனாரு. நெருப்பை நிப்பாட்டிட்டாரு. வெளிய வரத்தான் நேரம் இல்ல."

"அந்தத் தளம் இருக்கிற நாட்டு ஆளுங்களும் சேர்ந்துதான் குண்டு போட்டாங்களா?" என்று நாகலெட்சுமி கேட்டாள்.

"பிளேன்ல போனது அந்தப் பெரிய நாட்டுக்காரங்க. ஆனா எங்க அடிக்கணும்னு ரெண்டு நாட்டு ஆபீசர்மாரும் ஒரே ரூம்ல உக்காந்துதான் மேப் பாப்பாங்க. ரெண்டு பேரோட உடுப்பையும் தொவைச்சு அங்க கொண்டுபோய்க் குடுத்தது நாங்கதானே."

இந்த மாதிரி வழக்கு நாகலெட்சுமிக்குப் புதிது இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் திருவிழாவில் தோட்டத்து வரிசை வீடுகளில் மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் கல்லடிச் சண்டை. சின்னத்தம்பி தன் கடையில் சண்டைக்காரர்களுக்குச் சாராயம் விற்றிருந்தான். அழகுமுத்து என்பவன் ஏணி வைத்து மேல் லயத்துப் பையன்களைத் தன் கூரையில் ஏற்றிவிட்டு, கீழே எது யாருடைய காம்பரா வீடு என்று கை நீட்டியும் காட்டியிருந்தான். விசாரணையில், "நான் ஒரு கல்லுகூட எறியலைங்க" என்று சத்தியம் செய்தான். நாகலெட்சுமி விடவில்லை. விற்றவனைக் கண்டபடி ஏசி வீட்டுக்கு அனுப்பினாள். ஏணி போட்டவனைக் கல்லெறிந்தவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தினாள்.

நாகலெட்சுமி இதைச் சொன்னபோது சுலக்ஷனா சிரித்துவிட்டாள். "நீங்க எந்தக் கொலிஜ்ல அக்கா சட்டம் படிச்சீங்க? ஆயுதம் வித்தா, காசு குடுத்தா, அது மட்டுமே ஒரு நாட்டை யுத்தத்துல சேத்துறாது. தன் மண்ணுல இருந்து அடிக்க விட்டு, எங்க அடிக்கணும்னு கூட உக்காந்து சொன்னா கதை வேற. நடுவுல கோடு சரியா எங்க போடுறதுன்னு படிச்சவங்களே இன்னும் சண்டை போடுறாங்க. ஆனா ஒண்ணு. நாங்க அதுல இல்லைன்னு வாயால சொல்றதை வச்சுச் சட்டம் முடிவு பண்ணாது. என்ன செஞ்சாங்கன்னுதான் பாக்கும்."

"அது போதும் எனக்கு" என்றாள் நாகலெட்சுமி.

சுலக்ஷனா அந்த நாட்டுத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. வந்தது ஜீவராஜ். சுமனை வேலைக்கு வைத்த லாண்டரிக் கம்பெனி இறங்கி வந்திருக்கிறது என்றான். கவனிக்காமல் விட்டதாக எழுதியதை எடுத்துவிடுவார்கள், வெறுமனே 'விபத்து' என்று இருக்கும், இன்னொரு கையெழுத்துப் போட்டால் நட்டஈடும் வரும் என்றான்.

கணவன் செல்லசாமி பேனாவைக் கையில் எடுத்துவிட்டான். "புள்ளை மேல இருந்த பழி போயிருதே. அது போதாதா? அந்த நாட்டோட நம்மளால மல்லுக்கட்ட முடியுமா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. ஆனால் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"விபத்துன்னா யாருமே செய்யலைன்னு அர்த்தம். செஞ்சிருக்காங்க. இடம் குடுத்தவன், அடிச்சவன், திருப்பி அடிச்சவன் எல்லாரும் செஞ்சிருக்காங்க. அங்க யாருக்கும் கெடுதல் செய்யாம மத்தவங்க உசிரக் காப்பாத்துனது எம் புள்ளை ஒருத்தந்தான். நான் ஒருக்கா வாசிக்காமப் போட்டேன். இப்ப வாசிச்சிட்டேன், போட மாட்டேன்."

மறுவாரம் நுவரெலியாவில் ஒரு பேனர் அடித்தாள். வழக்கமாகக் கண்ணீர் அஞ்சலிப் பேனரைத் தோட்டத்துச் சந்தியில்தான் கட்டுவார்கள். அவள் ஜீவராஜின் ஆபீசுக்கு நேர் எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடைக்காரரிடம் கேட்டு, அந்தச் சுவரில் கட்டினாள். சுமனின் படத்துக்குக் கீழே இப்படி இருந்தது: "யுத்தத்தில் இல்லை என்று சொல்லும் நாட்டில், யுத்தத்தில் கொல்லப்பட்டான். பொய்லரை நிறுத்தி மற்றவர்களைக் காப்பாற்றினான்."

ஜீவராஜ் படியிறங்கி ஓடிவந்தான். "அக்கா, அதைக் கழட்டுங்க. எனக்குப் பொழப்பு இருக்கு."

"மிசைல் விழுந்துச்சுன்னு அவங்ககிட்ட ஒரே ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க தம்பி. நானே வந்து கழட்டுறேன்."

"அதை மட்டும் எழுத மாட்டாங்க அக்கா."

"அப்ப இது இங்கேயே இருக்கட்டும்."

ஆபீஸ் வாசலில் பாஸ்போர்ட்டோடு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்து வாசித்தார்கள். முதலில் நின்ற ஒரு பெண் இரண்டு தரம் வாசித்தாள். பிறகு ஜீவராஜிடம் நிதானமாகக் கேட்டாள்.

"அண்ணே, எனக்குப் பாத்திருக்கிற எடத்துல யாரோட பிளேன் நிக்குது?"