மீதிப் பார்வை

என் கணவர் வேன் ஓட்டினார். பம்மலில் இருந்து விடியும் முன் கிளம்பி, தாம்பரத்தில் ஐடி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சிறுசேரியில் இறக்கிவிடுவார். சர்க்கரை இருப்பது தெரியும். மாத்திரை போட்டால் போதும் என்று இருந்துவிட்டோம்.

ஒருநாள் சாப்பிடும்போது வலது கண் முன்னால் கையை வீசி வீசிக் கொசு விரட்டினார். கொசுவே இல்லை.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். "சர்க்கரையால விழித்திரையில புது ரத்தக்குழாய் முளைச்சிருக்கு. உடைஞ்சா ரத்தம் கசியும். ரெண்டு கண்ணுக்கும் லேசர் வைக்கணும். நாலஞ்சு தடவை வரணும்."

"வச்சா பளிச்சுனு தெரியுமா மேடம்?" என்று நான்தான் கேட்டேன்.

"போன பார்வை திரும்பாதும்மா. இருக்கிறதக் காப்பாத்தத்தான். லேசர் முழுசா முடியுற வரைக்கும் வண்டி ஓட்ட வேணாம்."

முதல் தடவை வலது கண்ணுக்கு வைத்தபோது நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். "ஆடாதீங்க சார்" என்ற குரல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பச்சை பச்சையா வெட்டுது. மண்டைக்குள்ள ஊசி ஏத்துற மாதிரி கீது" என்றார். படியிறங்க என் மணிக்கட்டைப் பிடித்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டுவதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

மூன்றாம் நாளே வேனை எடுத்துவிட்டார். "ஓட்டாதீங்க" என்றேன். "கம்பெனிக்காரன் வேற டிரைவரப் போட்டா அவ்ளோதான், நம்மள கூப்டவே மாட்டான்" என்றார். சாவியை ஒளித்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

அடுத்த வாரம் காலையில் போன் வந்தது. "மேடவாக்கம் தாண்டி வண்டிய ஓரம் கட்டிட்டேன். கண்ணுல கறுப்பா எறங்குது. நீ வா."

ஷேர் ஆட்டோ, பஸ் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். வேனில் வந்த மற்றவர்கள் வேறு வண்டி பிடித்துப் போயிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் ஆபீஸ் போகாமல் அவருக்குத் துணையாக இருந்தாள். "அண்ணா கரெக்டா நிறுத்திட்டாருக்கா, யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்றாள்.

அவர் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பொத்தி என்னைப் பார்த்தார். "இந்தக் கண்ணுல நீ கீற. இதுல இல்ல."

வலது கண்ணில் ஆபரேஷன் செய்தும் கை அசைவது மட்டும்தான் தெரிகிறது. இடது கண்ணுக்கு லேசர் முழுதும் வைத்தாயிற்று. அது தாக்குப்பிடிக்கிறது. வேன் ஓட்டுவது நின்றுவிட்டது. இருட்டினால் தெருவில்கூட இறங்குவதில்லை. முன்னாலேயே கண்ணைக் காட்டியிருந்தால் என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்லி என்னைத் திட்டினால் தேவலை.

போன மாதப் பரிசோதனையில் சுவரில் இருந்த எழுத்துகளை இடது கண்ணால் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவர், நாலாவது வரியில் நின்றுவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த எழுத்து தெளிவாகத் தெரிந்தது. அதை எடுத்துக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.