நான்காம் பகுதியை எழுதியவர்

செமோரிலிருந்து கமலாவின் தம்பி சேகர் காலையில் அழைத்தான். "அண்ணே, அக்கா போயிட்டாங்கண்ணே. மதியத்துக்குள்ள வாங்க" என்றான். ஈப்போவிலிருந்து அரை மணி நேரப் பயணம். போய்ச் சேரும்வரை காரின் வானொலியை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. யாரோ குளிர்சாதனப் பெட்டி விளம்பரம் பேசிக்கொண்டே வந்தார்.

தாமான் குடியிருப்பில் கமலாவின் வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த எங்கள் பழைய சகா ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "கமலாவுக்குப் பெரிய மூளை, நாச்சியப்பன். அந்த ஒரு கட்டுரையில மட்டும் அவசரப்படாம இருந்திருந்தா எங்கேயோ போயிருப்பாங்க" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து அந்தத் தலையாட்டல் என்னைத் தூங்கவிடவில்லை. கமலாவைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுவது அதனால்தான்.

கமலாவின் துறை என்னவென்று உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். சேகரின் கல்யாண விருந்தில் பாகான் டத்தோவிலிருந்து வந்த மாமா ஒருவரும் கேட்டார். கமலா தட்டிலிருந்த நிலக்கடலையை எடுத்து மேசைமேல் பரப்பினார்.

"மாமா, இந்தக் கச்சாங்கு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம எத்தன விதமா நிக்கலாம்? அந்த விதமெல்லாம் சேந்து ஒரு பெரிய வெளி. அதுல ரெண்டு நெருங்கி நெருங்கி ஒட்டிக்கிச்சுன்னா, ஒண்ணாப்போச்சுன்னு எழுதிறக் கூடாது. எந்தப் பக்கமா வந்து ஒட்டுச்சுன்னு குறிச்சு வைக்கணும்."

"இதுக்கா கவர்மெண்டு சம்பளம் குடுக்குறான்?"

"ஆமா மாமா. ஜாகா வேலைதான், காவல் மாதிரி. மோதிக்காம பாத்துக்கிறேன்."

மாமா கடலையைத் தின்றுவிட்டார். அதற்கும் கமலாவிடம் பதில் இருந்தது: "பாருங்க மாமா, அந்த வெளியே காலி."

நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தது அந்த வெளியை அளக்கும் வேலை. முரட்டு உருவம் ஒன்றை எளிய துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு எழுதிக் கூட்டுவோம். எப்படி வெட்டினாலும் கூட்டுத்தொகை மாறாது. மோட்டிவிக் மாறிலி என்று அதற்குப் பெயர். சனிக்கிழமைதோறும் ஈப்போ பழைய நகரத்துக் கோப்பிக் கடை ஒன்றில் உட்கார்ந்து வெட்டினோம், கூட்டினோம், சண்டை போட்டோம். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய வீட்டிலிருந்து வந்தவர் அவர்; நான் ஈப்போ கடைத்தெருவில் கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவன். "எங்க வீட்டுல வெட்டுனாங்க, உங்க வீட்டுல கணக்கு கூட்டுனாங்க. சோடி சரியா இருக்கு" என்பார்.

கட்டுரை வெளிவந்தது. நல்ல பெயரும் வந்தது. பேராசிரியர் பதவிக்கான என் விண்ணப்பத்தில் அதுதான் முதல் வரி. அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை, கமலா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தின் ரப்பர் பேண்டைக் கழற்றி, முறுக்கி, இரண்டு சுற்றாகத் தம் விரலில் மாட்டினார்.

"இந்த ரெண்டு சுத்தும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சுன்னு வச்சுக்க. இப்ப என்ன இருக்கு?"

"ஒரு வளையம்."

"பாதி வளையமா?"

"இல்ல, முழு வளையம்தான்."

"ஒவ்வொரு எடத்துலயும் ரெண்டு புள்ளி ஒண்ணாச்சு. ஆனா உருவம் பாதியாகல. நீ நாலாம் பகுதியில பாதின்னு எழுதியிருக்க, நாச்சி."

எனக்கு உடனே புரிந்தது. புள்ளிகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் வைத்து முதலில் அளந்தோம். பிறகு பெயர்களை அழிக்க வேண்டும். மூன்று புள்ளிகளை ஆறு வரிசையில் நிறுத்தலாம். ஆகவே ஆறால் வகுத்துவிட்டால் போதும் என்று எழுதியிருந்தேன். எண்ணிக்கைக்கு அது சரி. உருவத்துக்குச் சரியில்லை. இந்தத் துறைக்கு வரும் முதலாண்டு மாணவரை எச்சரிக்கும் பள்ளம் அது. அதில்தான் நான் விழுந்திருந்தேன்.

"கடைக்கார வீட்டுப் புள்ளைக்கு வகுக்கத் தெரியல" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"யாரும் கவனிக்க மாட்டாங்க கமலா. அடுத்த கட்டுரையில திருத்திக்கலாம்லா."

"பினாங்குல ஒரு பொண்ணு இத நம்பி தீசிஸ் எழுதுறா. அவகிட்ட போயி இத சொல்லு பாப்போம்."

நான் வெள்ளைக் கோப்பியைப் பாதியில் விட்டு எழுந்து போனேன். மூன்று சனிக்கிழமை போகவில்லை.

நான்காம் வாரம், கட்டுரை வெளிவந்த ஆய்விதழுக்கு அவர் எழுதிய கடிதத்தின் நகல் என் ஒப்புதலுக்காக வந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்து எழுதியவர்களின் பெயர்கள் அகரவரிசையில் நிற்கும். எந்தப் பக்கத்தை யார் எழுதினார் என்று எவரும் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. கமலா அந்த வழக்கத்தை மீறியிருந்தார். "கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். நான்காம் பகுதியிலுள்ள பிழை என்னுடையது. உடன் எழுதியவர் அதற்குப் பொறுப்பல்லர்" என்றிருந்தது. கீழே அவர் கையொப்பம்.

நான் ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன்: "சரி."

பிழை என் பெயரில் இல்லாததால் எனக்குப் பதவி வந்தது. கமலாவைப் பற்றி "கெட்டிக்காரர், ஆனால் அவசரக்காரர்" என்ற பேச்சும் வந்தது. வெளியூர் மாநாடுகளின் அழைப்புகள் குறைந்தன. அந்தக் கடிதத்துக்கு அடுத்த சனிக்கிழமை நான் தயங்கித் தயங்கிப் போனபோது, கமலா எனக்கும் சேர்த்துக் கோப்பி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். "வா, வகுக்காம கணக்குப் போடலாம்" என்றார். அதற்கு மேல் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. திருத்திய முடிவை எட்டச் சில ஆண்டுகள் பிடித்தன. பழையதைவிட அது அழகாக இருந்தது. இதைச் சொல்லும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசியாக அவரைப் பார்த்தபோது படுக்கையில் இருந்தார். குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"இப்பவாவது சொல்லிறட்டுமா, கமலா?"

"எதுக்கு? பதவியத் திருப்பிக் குடுக்கப் போறியா? சும்மா இருலா." கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "புதுக் கட்டுரையில ஆறாம் படத்துல அம்புக்குறி தலைகீழா இருக்கு. அத மொதல்ல மாத்து" என்றார்.

அம்புக்குறியை மாற்றிவிட்டேன். சும்மா மட்டும் இருக்க முடியவில்லை. காரியம் முடிந்த மறுநாள் சேகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அக்கா ஏண்ணே எங்ககிட்டகூட சொல்லல?"

"என்மேல அவ்வளவு பிரியமா இருந்திருக்காங்கன்னு மட்டும் தெரியுது தம்பி" என்றேன். அவன் அழுதான். நானும் அழுதேன்.

இன்று காலை அதே ஆய்விதழுக்கு உண்மையை எழுதிவிட்டேன். கமலாவின் புத்தகங்கள் நூலகத்துக்குப் போகின்றன, குறிப்பேடுகள் அன்று தீசிஸ் எழுதிய அந்தப் பினாங்குப் பெண்ணுக்குப் போகின்றன. எனக்கு என்ன வேண்டும் என்று சேகர் கேட்டான். இத்தனை காலம் அவர் பெயரில் இருந்த அந்தப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது என்னுடையது.