அழிக்க முடியாத வரி

செஞ்சி தாலுகா ஆபீஸ் எதிரில் மனு டைப் செய்து கொடுப்பார் அந்த அம்மா. இறுக்கிய கொண்டை, கண்ணாடி. மனுவை உரக்கப் படித்துக் காட்டுவார். வந்தவர் தலையாட்டினால்தான் பிரிண்ட். மனு எழுத நான் உருவாக்கிய வெப்சைட்டில், கட்டங்களை நிரப்பினாலே மனு தயாராகிவிடும். அதை அவரிடம் பயன்படுத்திப் பார்க்கக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வல்லத்துப் பெண் ஒருத்திக்கு அதில் அடித்துப் படித்தவர், கடைசி வரியில் நின்றார்.

“‘தாழ்மையுடன் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்’னு இருக்குது. அழிக்க முடியலியே?”

“எல்லா மனுவுலயும் இருக்கறதுதானேம்மா.”

“அவ இன்னா பிச்சையா கேக்கறா? அவ வூட்டு மனைக்குப் பட்டா கேக்கறா. எழுத எடம் குடு.”

அடிக்கவும் அழிக்கவும் வேர்ட் போலவே ஓர் எடிட்டரை மறுநாள் சேர்த்தேன். முதல் வேலையாக அந்த வரியை அழித்துவிட்டு, ‘பட்டா வழங்க வேண்டும்’ என்று அடித்தார். உரக்கப் படித்தார். மறுபடி வந்திருந்த அந்தப் பெண் தலையாட்டினாள்.

அந்த வரியைப் பூட்டி வைக்கும்படி என்னிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை.