ஒட்டி நிற்க வந்தவன்

விமல்ராஜின் இடது கையில் மூன்று விரல்கள்தான். முப்பத்திரண்டு வயதில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினுக்கு முன்னால் நின்றபோது, பின்னால் வந்த ஒருவன் ஏதோ கேட்பதற்காக அவன் தோளில் கை வைத்தான். அவ்வளவுதான் நடந்தது. கை வைத்தவன் நல்லவன், கூடச் சாப்பிடுகிறவன். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதான். அவன்மேல் விமல்ராஜுக்குக் கோபம் வந்ததில்லை. ஆனால் அன்று முதல் முதுகுப்பக்கம் யார் நெருங்கினாலும் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

முசரவாக்கத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் நட்டு அறுத்தவர்கள். வீட்டில் முதன்முதலாக ஐ.டி.ஐ. படித்து, சீருடை போட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறியவன் அவன்தான். விரல்கள் போனதும் அந்த வேலையும் போயிற்று. ஏழு மாதம் வீட்டில் கிடந்தான். பிள்ளையார்பாளையத்துப் பட்டு வியாபாரி முனிரத்தினம், ஏனாத்தூர் போகிற சாலையில் டயர் கடைக்கு மேல்மாடியில், மேஜைமேல் பந்துகளை ஸ்டிக்கால் அடித்துக் குழியில் விழ வைக்கும் பூல் ஆட்டத்துக்கு ஒரு ஹால் போட்டபோது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றான். அதுவரை அந்த விளையாட்டை அவன் டிவியில்கூடப் பார்த்ததில்லை. ஆறே மாதத்தில், மூன்று விரலை மேஜைமேல் ஊன்றி, அதன்மேல் ஸ்டிக்கை வைத்து, கல்லூரிப் பையன்களைத் தோற்கடிக்கத் தொடங்கினான்.

ஹாலில் நான்கு டேபிள்கள், படிக்கட்டிலிருந்து ஜன்னல் வரை வரிசையாக. இடைவெளி குறைவு. ஒரு டேபிளில் குனிந்து ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்தால், அதன் அடிமுனை அடுத்த டேபிளில் நிற்பவன் வயிற்றைத் தொடும். அதனால் விமல்ராஜ் ஒரு முறை வைத்திருந்தான். இரண்டு கோஷ்டி வந்தால் ஒன்றை இந்தக் கோடியிலும் மற்றதை அந்தக் கோடியிலும் விடுவான். கூட்டம் சேர்ந்தால்தான் நடு டேபிள்கள். அடுத்தடுத்து ஆடும்போது, முதலில் குனிந்தவன் அடித்து முடிக்கும்வரை மற்றவன் ஓர் அடி பின்னால் நிற்க வேண்டும். குனிந்தவன் யார், நிற்பவன் யார் என்ற பேச்சே கிடையாது. எந்த ஊர்ப் பையன், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் எல்லோரும் அப்படி நின்றார்கள். அதில் விமல்ராஜுக்கு உள்ளூர ஒரு பெருமை.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ஜன்னலோரம் நான்காவது டேபிளில் தனுஷ் மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தான். இருபத்து மூன்று வயது, படிப்பு முடித்து வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கிற பையன். அப்போது ஒருவர் படியேறி வந்தார். முப்பது வயதுக்குள்தான். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. நேராக மூன்றாவது டேபிளுக்குப் போய் நின்றார்.

"ஒண்ணாம் டேபிள் காலியா இருக்குது சார். ஃபேன் காத்து அங்கதான் நல்லா வரும்" என்றான் விமல்ராஜ்.

"எனக்குக் காத்து வேணாம்பா. இது போதும்."

மணிக்கணக்கில் நின்றார், ஆனால் ஆடவில்லை. தனுஷ் குனியும்போதெல்லாம் அவரும் பந்தைப் பார்ப்பதுபோல் நகர்ந்து அவன் பின்னால் வந்தார். தனுஷ் நிமிர்ந்து வழி கேட்டால் சிரித்தபடி அரை அடி விலகுவார். மறுபடி வருவார். விமல்ராஜின் பிடரி காரணமில்லாமல் சிலிர்த்தது.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார். இந்தத் தடவை தனுஷ் முதல் டேபிளில் இருந்தான். அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். விமல்ராஜ் எழுந்து போனான்.

"சார், பக்கத்து டேபிள்ல ஆள் குனிஞ்சா ஒரு அடி பின்னால நிக்கணும். இங்க எல்லாரும் அப்படித்தான்."

"எல்லாரும்னா? யார் யாரு?"

"இங்க வந்து ஆடறவங்க சார்."

"அவன் குனிஞ்சா நான் பின்னால நிக்கணும்." பாடம் ஒப்பிப்பதுபோல் நிதானமாகச் சொன்னார். கோபமே இல்லை. "சரிப்பா. தெரிஞ்சுக்கினேன்." ஆனால் இருந்த இடத்தை விட்டு அவர் அசையவில்லை.

அன்று மத்தியானம் அவர் போன பிறகு, தனுஷ் ஸ்டிக்கை மாட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அவரு யாருன்னு தெரியுமாண்ணா? உமாபதி. காணும் பொங்கல் அன்னிக்கு ஏரிக்கரையில எங்க தெரு கலியன் மாமாவ அடிச்சாங்களே, அந்தக் கேஸ்ல மொத ஆளு இவரோட அக்கா வீட்டுக்காரரு."

அந்தச் சம்பவம் விமல்ராஜுக்குத் தெரியும். கலியன் தன் வண்டியை ஓரம் கட்டி எதிரே வந்த காருக்கு வழி விடவில்லை என்பதுதான் குற்றம். தோள் எலும்பு இரண்டாகப் போய், கை இன்னும் மேலே தூக்க வரவில்லை. பார்த்தவர்கள் பல பேர். சாட்சி சொல்கிறேன் என்று நின்றவன் தனுஷ் ஒருவன்தான் என்பது மட்டும் தனுஷ் சொல்லி அன்றுதான் தெரிந்தது.

"பதினாறாந் தேதி கோர்ட்ல நான் கூண்டு ஏறணும்ணா."

"அப்புறம் ஏன்டா இங்க வந்துக்கினு இருக்குற? வீட்டோட இரு."

"வீட்ல உக்காந்தா அன்னிக்கு நடந்ததே கண்ணு முன்னால ஓடுதுண்ணா. ஸ்டிக்க புடிச்சா நின்னுடுது."



வியாழக்கிழமை உமாபதி தனியாக வரவில்லை. கூட இரண்டு பேர். டேபிள் கேட்கவில்லை, ஸ்டிக் எடுக்கவில்லை. ஒருவன் படிக்கட்டு வாசலில் நின்றான். இன்னொருவன் சுவரில் சாய்ந்து, மெசேஜ் படிப்பவன்போல் போனை நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டான். உமாபதி தனுஷின் பின்னால் வந்து நின்றார். கையை நீட்டினால் முதுகைத் தொடலாம்.

தனுஷ் முதல் அடிக்குக் குனிந்தான். வேகமாக அடிக்க வேண்டிய அடி. ஸ்டிக்கை முழு நீளத்துக்குப் பின்னால் இழுத்தாக வேண்டும். விமல்ராஜ் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டிக்கின் அடிமுனையைப் பார்த்தான். அதை நோக்கி உமாபதியின் விலா மெல்ல முன்னால் வருவதைப் பார்த்தான். போன் லேசாக உயர்ந்ததையும் பார்த்தான்.

அப்போதுதான் புரிந்தது. இந்த ஆள் அடிக்க வரவில்லை. அடி வாங்க வந்திருக்கிறான். ஒரே ஒரு இடி போதும். சாட்சிக்காரன் என்னைக் குத்தினான் என்று எதிர் வழக்கு, அதற்கு வீடியோ, அதற்கு இரண்டு ஆள். பதினாறாம் தேதி தனுஷ் கூண்டில் ஏறும்போது அவன் மேலேயே ஒரு கேஸ் இருக்கும்.

எப்படி எழுந்தான், எப்படிப் போனான் என்று விமல்ராஜுக்கு நினைவில்லை. இருவருக்கும் நடுவே இருந்த அந்த ஒரு முழ இடத்தில் உடம்பைச் செருகினான். தனுஷுக்கு முதுகு, உமாபதிக்கு முகம். ஸ்டிக் வந்து அவன் இடுப்புக்கு மேலே நச்சென்று இடித்தது. மூச்சு ஒரு கணம் நின்றது.

"அண்ணா?"

"திரும்பாத. ஆடு."

"அண்ணா, பட்டுச்சாண்ணா?"

"ஆடு தனுஷ்."

ஆட்டம் முடியும்வரை அவன் அப்படியே நின்றான். தனுஷ் டேபிளைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் இவனும் கூடப் போனான். உமாபதியும் வந்தார். பந்து குழியில் விழும் சத்தத்தைத் தவிர ஹாலில் வேறு சத்தம் இல்லை. உமாபதியின் முகம் இவன் முகத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. அவர் மென்ற ஏலக்காய் வாசனை வந்தது. கண்ணில் பகை தெரிந்திருந்தால்கூட விமல்ராஜ் ஆறுதல் அடைந்திருப்பான். அதில் ஒன்றுமே இல்லை. வேலையாய் வந்தவன் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது.

கடைசிப் பந்து விழுந்ததும் அவர் குனிந்து விமல்ராஜின் இடது கையைப் பார்த்தார்.

"மொத்தம் இன்னும் எத்தன வெரல் இருக்குதுபா?"

"எட்டு சார்."

"பத்திரம்பா."

மூவரும் அவசரமில்லாமல் இறங்கிப் போனார்கள்.

அன்று சாயங்காலம் முனிரத்தினம் போன் செய்தார். யார் மூலமோ சேதி அவருக்குப் போயிருந்தது. "அந்தப் பையனை ஒரு மாசம் வர வேணாம்னு சொல்லிடுப்பா. நமக்கு எதுக்கு வம்பு."

"என்னால அத சொல்ல முடியாதுங்க. வேணும்னா என்னை மாத்திக்குங்க."

முனிரத்தினம் போனை வைத்துவிட்டார். அவர் ஆளை மாற்றவும் இல்லை, அதற்குப் பிறகு ஹால் பக்கம் வரவும் இல்லை.

பதினாறாம் தேதி தனுஷ் சாட்சி சொன்னான். எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு மணி நேரம் குடைந்தார். உன்மேல் ஏதாவது வழக்கு உண்டா என்று மூன்று விதமாகக் கேட்டார். இல்லை என்று மூன்று தடவையும் சொன்னான். வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தான். கலியன் நல்ல கையால் அவன் தலையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரமே அவன் அம்மா அவனை ஓசூரில் இருக்கும் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். தீர்ப்பு இன்னும் வரவில்லை; வாய்தா மேல் வாய்தா.

ஹாலுக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. பரீட்சை என்றார்கள், வேறு இடத்தில் புது டேபிள் போட்டிருக்கிறார்கள் என்றார்கள்.

உமாபதி மட்டும் செவ்வாய்க்கிழமை தவறாமல் வருகிறார். நான்கு டேபிளும் காலியாக இருக்கும். எதையும் கேட்பதில்லை. ஒரு நாற்காலியை இழுத்து விமல்ராஜின் பக்கத்தில் முழங்கால் இடிக்கப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். ஒரு மணி நேரம் போனைப் பார்க்கிறார். முதல் மூன்று வாரம் பேசவே இல்லை. நான்காவது வாரம் தலை நிமிராமல் கேட்டார்.

"உன் வீட்டுக்காரம்மா தையல் கடை எத்தன மணிக்குத் தொறப்பாங்கபா?"

"ஒம்போதுக்கு சார்" என்றான் விமல்ராஜ். கடை போர்டிலேயே எழுதியிருக்கிற நேரம், மறைத்துப் பயனில்லை.

அன்று வீட்டுக்குப் போய் மனைவி ஜோதிகாவிடம் சொன்னான். கொஞ்ச நாள் கடையை மூடி வைக்கலாமா என்று கேட்டான். இவன் இடுப்பில் கன்றிப்போன இடத்துக்கு ஒரு வாரம் ஒத்தடம் கொடுத்தவள் அவள். நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, "அந்தாளு பக்கத்துல வந்து உக்காந்தப்ப நீ உன் சேரை நகத்திப் போட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப நான் எதுக்கு மூடணும்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தாள். அதுவரை சுவரைப் பார்த்து இருந்த தையல் மெஷினை, தெருவில் வருகிறவர் போகிறவர் முகம் தெரியும்படி வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். பிறகு உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள்.